புத்தகயாவுல சின்ன ஹோட்டல்ல தங்கப் போறியளா? நாகர்கோவில்காரங்க என்கிட்ட கேட்ட கேள்விகளும் பதிலும்

அப்பா போய் ஒரு வருஷம் ஆன பெறவு கயாவுல திதி குடுக்கணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தா, செரின்னு அம்மாவையும் சித்தியையும் கூட்டிட்டு ஒரு அக்டோபர்ல போனேன். கயா டவுன்ல தங்காம அங்கேருந்து ஒரு 15 கிலோமீட்டர் தள்ளி இருக்குற புத்தகயாவுல ரூம் எடுத்தோம். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஜனவரியில ஃப்ரெண்ட்ஸ்கூட மறுபடியும் போனேன். அதுலேருந்து வடசேரி பஸ்ஸ்டாண்ட்ல பாத்தாலும் கல்யாண வீட்டுல பாத்தாலும் யாராவது ஒருத்தர் "மக்கா, அங்க ரூமு எப்படி, எவ்வளவு ஆச்சு"ன்னு பிடிச்சுக்கிடுதாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை வறண்டு போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

திதி கயாவுலதானே, பெறவு எதுக்கு புத்தகயாவுல போய் தங்கணும்?

கயாவுல திதி குடுக்குற விஷ்ணுபாதம் கோயிலைச் சுத்தி இருக்குற தெருவெல்லாம் ஒடுக்கம், வண்டிச் சத்தம், கூட்டம், நம்ம கோட்டார் கம்போளத்த பத்து மடங்கு ஆக்கி வச்ச மாதிரி இருக்கும். வயசானவங்க ராத்திரி நிம்மதியாத் தூங்க முடியாது. புத்தகயா வேற மாதிரி ஊரு. தாய்லாந்து, ஜப்பான், பூட்டான், பர்மா, வியட்நாம்னு ஒவ்வொரு நாட்டுக்காரங்களும் அவங்கவங்க பாணியில கோயில் கட்டி வச்சிருக்காங்க, ரோடு கொஞ்சம் அகலம், நடக்கதுக்கு இடம் இருக்கு. முக்கியமா வெளிநாட்டு யாத்ரீகர்கள் வந்து போற ஊருங்கறதால சின்ன ஹோட்டல்லகூட பாத்ரூம் ஓரளவு பரவாயில்ல. காலையில ஆட்டோ பிடிச்சு கயா போய் காரியத்த முடிச்சிட்டு மத்தியானம் திரும்பிரலாம். இன்னொண்ணு, கயா சிராத்தத்துல சேர்ந்த தர்மாரண்யம் புத்தகயா பக்கத்துலதான் இருக்கு, அங்கயும் பிண்டம் போடுறவங்க உண்டு, அதனால இது ஒண்ணும் வழி மாறிப் போறது இல்ல. ஆனா திதி மட்டும்தான், வேற எதையும் பாக்க வேண்டாம்னு இருக்குறவங்க கயாவுலயே தங்கிடுங்க, ஆட்டோக் காசாவது மிச்சம்.

நம்ம ஊர்லேருந்து எப்படி போறது?

கன்னியாகுமரியிலேருந்தே பனாரஸுக்கு காசி தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸ் வாரத்துல ஒரு நாள் இருக்கு, 2023 டிசம்பர்ல விட்டாங்க. ரெண்டு நாளுக்கு மேல ட்ரெயின்லயே கிடக்கணும். காசியில ரெண்டு நாள் இருந்துட்டு பக்கத்துல முகல்சராய் போனா, அதாவது இப்ப தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன்னு பேரு, அங்கேருந்து கயாவுக்கு நிறைய ட்ரெயின், மூணு மணி நேரம் சொச்சம். பெரும்பாலான ஆட்கள் காசி, கயா ரெண்டையும் சேர்த்துத்தான் போறாங்க, அதுதான் நல்லதும். ஃப்ளைட்னா திருவனந்தபுரத்துலேருந்து பெங்களூரோ டெல்லியோ மாறி பாட்னா, அங்கேருந்து கார்ல ஒரு மூணு மணி நேரம். கயாவுலயே ஏர்போர்ட் இருக்கு, அதுவும் புத்தகயா போற வழியிலதான், குளிர் சீசன்ல பேங்காக்லேருந்தெல்லாம் நேரா வந்து எறங்குதாங்க, நமக்கு ஒத்து வர்ற ஃப்ளைட் கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரெயின் கயாவுல போய் நின்னா என்ன பண்ண?

ஸ்டேஷன்லயே இருங்க. வெயிட்டிங் ஹால்ல உக்காந்து விடிஞ்ச பெறவு கிளம்புங்க, ராத்திரில அந்த ரோட்டுல லேடீஸைக் கூட்டிட்டு ஆட்டோவுல போகச் சொல்ல மாட்டேன். விடிஞ்சா ஷேர் ஆட்டோ வரிசையா நிக்கும். ஹோட்டலுக்கு முந்தின நாளே போன் பண்ணி "காலையில ஏழு மணிக்கு வந்தா ரூம் குடுப்பியளா, அதுக்குத் தனிக் காசா"ன்னு கேட்டு வச்சுக்கிடுங்க, ஏன்னா நிறைய இடத்துல மத்தியானம் 12 மணிக்குத்தான் செக்கின்.

ரூம் வாடகை எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு ஒரு ரேட்டைச் சொன்னா நாளைக்கு என்னைத் திட்டுவிய. நான் அக்டோபர் கடைசியில 1200 ரூபாய்க்கு எடுத்த டபுள் ரூமை அதே ஹோட்டல்காரர் ஜனவரியில 2600னு சொன்னாரு. எல்லாம் தேதியைப் பொறுத்தது. நம்ம கன்னியாகுமரியில ஐயப்ப சீசன்ல லாட்ஜ் ரேட் எப்படி ஏறும்னு நமக்குத் தெரியாதா என்ன, அதே கதைதான்.

அங்க ரேட் ஏறுற காலம் மூணு. மகாளய பட்சம், அதாவது புரட்டாசி பக்கத்துல வர்ற பதினஞ்சு நாள், கயாவுல லட்சக்கணக்குல ஜனம், அந்தக் கூட்டம் புத்தகயா வரைக்கும் வழியும். ரெண்டாவது டிசம்பர், ஜனவரி. திபெத்துக்காரங்க, இலங்கைக்காரங்க, தாய்லாந்துக்காரங்கன்னு பெரிய பெரிய பூஜை, பாராயணம் எல்லாம் அப்பத்தான் நடக்கும், தலாய் லாமா வர்றாருன்னா கேக்கவே வேண்டாம், மாடிப்படிக்குக் கீழ இருக்குற ரூமுக்குக்கூட ஆள் இருக்கும். மூணாவது வைகாசிப் பௌர்ணமி, புத்த பூர்ணிமா, ஆனா அது ரெண்டு மூணு நாள் கூட்டம்தான், வெயில் 40க்கு மேல அடிக்கும்.

என்னைக் கேட்டா மகாளய பட்சம் முடிஞ்ச பெறவு, தீபாவளி கிட்ட, இல்லன்னா பிப்ரவரி கடைசி. குளிரும் கொல்லாது, ரேட்டும் கொல்லாது. காரியம் பண்ணித் தர்ற ஐயரே கயாவுல எந்த நாளும் திதி குடுக்கலாம்னுதான் சொன்னாரு, பட்சத்துலதான் போவேன்னு அடம் பிடிக்கிறவங்க மூணு மாசத்துக்கு முன்னாலயே ரூம் போட்டுடணும்.

ஜிஎஸ்டி தனியா போடுவாங்களா?

சிலர் போடுவாங்க, சிலர் சேர்த்தே சொல்லுவாங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து ஒரு நாளைக்கு 7500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம்தான். பழைய ஞாபகத்துல 12னு போட்டு நீட்டினா பில்லைக் காட்டிக் கேளுங்க. பில்லே தர மாட்டேன்னு சொல்றவர்கிட்ட ஜிஎஸ்டி எதுக்குக் குடுக்கணும், அதையும் கேளுங்க.

ஆன்லைன்ல புக் பண்ணவா, நேர்ல போய் பாக்கவா?

ஒரு ராத்திரி மட்டும் ஆன்லைன்ல, மிச்சம் நேர்ல. இதுதான் என் முறை, சீசன்ல மட்டும் இது ஒத்து வராது. முதல் தடவை நான் மூணு ராத்திரிக்கும் சேர்த்து ஒரு ஆப்ல காசு கட்டிட்டேன். போட்டோவுல பால்கனி, பக்கத்துல கோபுரம் தெரியுது, வெள்ளை விரிப்பு, ஆஹான்னு இருந்துச்சு. போய்ப் பாத்தா பால்கனியே இல்ல, அது எதிர்க்க இருக்குற ஹோட்டலோட பால்கனியாம். ஜன்னலைத் திறந்தா அடுத்த கட்டடத்துச் சுவரு, கையை நீட்டினா தொடலாம். மேனேஜர் பையன் சிரிச்சுக்கிட்டே "போட்டோ புரானா ஹை"ங்கான், பழைய போட்டோவாம். கோபம் வந்துச்சு, ஆனா ஒரு விஷயம் ஒத்துக்கிடணும், அந்த ரூம்லேருந்து மகாபோதி கோயிலுக்கு, அதாவது புத்தர் ஞானம் அடைஞ்ச இடத்துல இருக்குற கோயிலுக்கு, நடந்து நாலு நிமிஷம். அம்மா மூணு நாளும் விடியக்காலம் தானே போய்ட்டு வந்தா. கூடவே என்னை எழுப்பவும் இல்ல.

அதுலேருந்து நான் படிச்சது இதுதான். சின்ன ஹோட்டல்ல ரூமைப் பாக்காதிய, தூரத்தைப் பாருங்க. ரூமு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான், ஒரு கட்டில், ஒரு ஃபேன், சுவத்துல கொஞ்சம் ஈரம். ஆனா கோயில் காலையில 5 மணிக்குத் திறக்கும், அந்த நேரம் அங்க இருக்குறதுதான் புத்தகயாவுக்குப் போறதோட அர்த்தமே, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ரூம் போட்டுட்டு அஞ்சு மணிக்கு டோட்டோ தேடினா கிடைக்காது. டோட்டோன்னா பேட்டரி ரிக்ஷா, அங்க அப்படித்தான் சொல்றாங்க.

புக் பண்ணும்போது போன்ல என்னென்ன கேக்கணும்?

சுடுதண்ணி முதல்ல. "கரம் பானி" இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. பாத்ரூம்ல கீஸர் இருக்கா இல்ல பக்கெட்டுல கொண்டு வந்து தருவியளான்னு கேக்கணும், பக்கெட்டுன்னா காசு உண்டான்னும் கேக்கணும். அப்புறம் கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடுமா, இன்வெர்ட்டர்னா ஃபேன் மட்டுமா கீஸரும் ஓடுமா. எந்த மாடி, லிஃப்ட் இருக்கா, பட்ஜெட் ஹோட்டல்ல பெரும்பாலும் இருக்காது, எங்க சித்திக்கு முட்டுவலி, மூணாவது மாடி ஏறி எறங்கி ராத்திரி எல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே தைலம் தேச்சா. டாய்லெட் வெஸ்டர்னான்னும் கேட்டு வச்சுக்கிடுங்க. குளிர்காலம்னா ரஜாய் ஆளுக்கு ஒண்ணு தருவியளான்னு கேளுங்க, ரஜாய்னா பஞ்சு வச்ச கனமான போர்வை, ஒரு ரூமுக்கு ஒண்ணுதான் போடுவாங்க, ரெண்டு பேர் இழுத்துக்கிட்டுக் கிடக்கணும். ஏசி இருக்கான்னு குளிர்காலத்துல கேட்டு ரேட்டை ஏத்திக்கிடாதிய.

குளிர் அவ்வளவு இருக்குமா?

நமக்கு இருபது டிகிரி வந்தாலே மங்கி குல்லா போடுற கூட்டம். அங்க ஜனவரியில ராத்திரி பத்துக்குக் கீழ எறங்கிடும், மூடுபனி வேற, ட்ரெயின் எல்லாம் மணிக்கணக்கா லேட். சின்ன ஹோட்டல்ல ஹீட்டர் கிடையாது, தரை ஐஸ் மாதிரி இருக்கும், சாக்ஸ் இல்லாம கட்டில்லேருந்து காலை எறக்க முடியாது. கோயில்ல செருப்பைக் கழட்டிட்டு கல்லு மேல நடக்கணும், அதுக்கும் சாக்ஸ்தான். நாகர்கோவில்ல ஸ்வெட்டர் தேடி அலையாதிய, புத்தகயாவுலயே குளிர்காலத்துல திபெத்துக்காரங்க ஸ்வெட்டர், சால்வை கடை போடுவாங்க, பேரம் பேசலாம்.

ஹோட்டலுக்குப் பதிலா மடத்துல தங்கலாமா?

தங்கலாம். பர்மா, பூட்டான், திபெத் மடங்கள் சிலதுல வெளியாட்களுக்கும் ரூம் உண்டு, கம்மிக் காசு இல்லன்னா நன்கொடை. சுத்தமா இருக்கும், சத்தம் இருக்காது. ஆனா ராத்திரி கேட் பூட்டிருவாங்க, கறி மீன் உள்ள கொண்டு போகக் கூடாது, அவங்க நாட்டு ஆட்கள் வர்ற சீசன்ல நமக்குக் கிடைக்காது, முன்கூட்டியே போன்ல உறுதி சொல்லவும் மாட்டாங்க. ஒத்தையில போற பையன்களுக்கு ரொம்ப நல்லது. கைப்பிள்ளையோட போறவங்களுக்கு ஹோட்டல்தான் வசதி, பிள்ளை ராத்திரி அழுதா மடத்துல நமக்கே கூச்சமா இருக்கும்.

இலங்கையிலேருந்து சொந்தக்காரங்க எங்ககூட வர்றாங்க, அவங்களுக்கு ரூம் குடுப்பாங்களா?

நமக்கு ஆதார் போதும், ரூம்ல இருக்குற எல்லாருக்கும் வேணும். வெளிநாட்டு பாஸ்போர்ட்னா ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை ஒரு ஃபாரம்ல எழுதி அரசாங்கத்துக்கு ஆன்லைன்ல அனுப்பணும். அதைச் செய்ய சோம்பல்பட்டு சில சின்ன ஹோட்டல்ல முடியாதுன்னுடுவாங்க. புத்தகயாவுல பெரும்பாலான இடத்துல பழகிப்போன வேலைதான், ஆனாலும் புக் பண்ணும்போதே சொல்லிடுங்க. கயா டவுன்லதான் இந்தப் பிரச்சனை அதிகம்.

கோயிலுக்குள்ள போன் விட மாட்டாங்களாமே?

ஆமா. 2013 ஜூலையில அங்க குண்டு வெடிச்சது, அதுலேருந்து செல்போன் உள்ள கொண்டு போக முடியாது. வெளிய கவுண்டர்ல லாக்கர்ல வச்சிட்டுப் போகலாம், காசு கிடையாது. காலையில கூட்டம் இருந்தா அந்த வரிசைக்கே நேரம் ஆகும், அதனால பக்கத்துல ஹோட்டல்னா போனை ரூம்லயே வச்சிட்டு வெறுங்கையோட போங்க. உள்ள போறதுக்கு டிக்கெட் இல்ல, ராத்திரி 9 வரைக்கும் திறந்திருக்கும்.

போன் இல்லாததால என்ன ஆகும்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரிஞ்சுது, சித்தியைத் தொலைச்சிட்டேன். வளாகம் பெருசு, மரத்தைச் சுத்தி ஒரு கூட்டம், அந்தப் பக்கம் பலகையைப் போட்டு விழுந்து விழுந்து கும்பிடுற திபெத்துக்காரங்க, இந்தப் பக்கம் முச்சலிந்தக் குளம், ஒரு மணி நேரம் தேடினேன், அம்மா அழ ஆரம்பிச்சிட்டா. கடைசியில பாத்தா போதி மரத்துக்குக் கிட்ட வெள்ளை உடுத்தின இலங்கைப் பொம்பளைங்க கூட்டத்துக்கு நடுவுல சித்தி உக்காந்திருக்கா. அதுல ஒரு அம்மா கண்டியிலேருந்து வந்தவங்க, தமிழ் நல்லாப் பேசுவாங்க, ரெண்டு பேரும் மருமகளைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்க. "ஏன் மக்கா இப்படி ஓடி வாற"ன்னு என்னைக் கேக்கா. உள்ள போறதுக்கு முன்னால, பிரிஞ்சிட்டா இந்த இடத்துல வந்து நிக்கணும்னு ஒண்ணைப் பேசி வச்சுக்கிடுங்க.

அந்த போதி மரம் புத்தர் உக்காந்த அதே மரமா?

அதே மரம் இல்ல, அதே இடம். பழைய மரம் 1876ல காத்துல சாஞ்சுது, இப்ப நிக்கிறது 1881ல கன்னிங்காம்னு தொல்லியல் துறை வெள்ளைக்காரர் நட்ட கன்று வளர்ந்தது. அசோகர் காலத்துல இங்கேருந்து ஒரு கிளை இலங்கை அனுராதபுரத்துக்குப் போச்சு, அது இன்னும் அங்க நிக்குது, இலங்கைக்காரங்க கூட்டம் கூட்டமா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். கோயில் செங்கல் கட்டடம், உயரம் ஒரு 50 மீட்டர், இப்ப இருக்குற அமைப்பு அஞ்சு ஆறாம் நூற்றாண்டோடது, 2002ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. மரம் என்னமோ நம்ம அரசமரம்தான். அம்மா பாத்த உடனே பிள்ளையார் எங்கன்னு கேட்டா.

சாப்பாட்டுக்கு என்ன பண்ண? நம்ம சோறு கிடைக்குமா?

மட்ட அரிசிச் சோறும் மீன் குழம்பும் மறந்துடுங்க. எல்லாம் கடுகெண்ணெய், தேங்காயெண்ணெய் வாசத்துக்கே பழகின மூக்குக்கு முதல் நாள் கஷ்டம்தான். அம்மாவும் சித்தியும் ரெண்டு நாள் சாதம், பருப்பு, தயிர்லயே ஓட்டினாங்க. லிட்டி சோக்கா கண்டிப்பா சாப்பிட்டுப் பாருங்க, வறுத்த கடலை மாவை உள்ள வச்சு நெருப்புல சுட்ட கோதுமை உருண்டை, கூட கத்திரிக்காய் சுட்டு மசிச்சது, வெலையும் கம்மி. குளிர்காலத்துல திபெத்துக்காரங்க கூடாரம் போட்டு மோமோ, துக்பா விப்பாங்க, துக்பான்னா நூடுல்ஸ் போட்ட சூப்பு, அந்தக் குளிருக்கு அமிர்தம். ஹோட்டல்லயே காலைச் சாப்பாடு சேர்த்து ரேட் சொன்னா வேண்டாம்னுடுங்க, ரெண்டு பிரெட்டும் ஒரு ஆம்லெட்டும்தான் வரும். நேந்திரங்காய் சிப்ஸும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் வீட்டுலேருந்து கொண்டு போங்க. கெட்டில் கொண்டு போறவங்க ரூம்ல பிளக் தாங்குமான்னு கேட்டுட்டு சொருகுங்க, என் ஃப்ரெண்டு கேக்காம சொருகினான், அந்த மாடி முழுக்க இருட்டு.

இதைக் கேக்க ஒரு மாதிரியா இருக்கு, சரக்கு?

நாலு அண்ணாச்சிமார் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாச்சு, அதனால எழுதிடுதேன். பீகார்ல 2016 ஏப்ரல்லேருந்து முழு மதுவிலக்கு. கடை கிடையாதுங்கறது மட்டும் இல்ல, பைக்குள்ள ஒரு குவார்ட்டர் இருந்தாலும் கேஸு. ட்ரெயின்ல வச்சுக்கூட பிடிப்பாங்க. திதி குடுக்கப் போன இடத்துல போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்தா வீட்டுல மைனிகிட்ட யாரு பதில் சொல்ல?

ஏமாத்துவாங்களா?

பயப்படுற அளவுக்கு இல்ல, ஆனா ஒரு வேலை உண்டு. நல்லாப் பேசுற ஒரு பையன் கூடவே நடந்து வருவான், ஊர் எது, தமிழ்நாடா, ரஜினி பிடிக்குமான்னு ஆரம்பிப்பான், ரெண்டாம் நாள் எங்க கிராமத்துல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் நடத்துறோம், வந்து பாருங்கன்னு கூட்டிட்டுப் போய் நன்கொடை நோட்டை நீட்டுவான். எல்லாமே பொய்யின்னு சொல்ல மாட்டேன், உண்மையா நடத்துறவங்களும் இருக்காங்க, ஆனா பிரிச்சுப் பாக்க நமக்கு நேரம் இல்ல. போதி இலையைக் கவர்ல போட்டு விப்பாங்க, அதுக்கும் காசு குடுக்க வேண்டாம், மரத்தடியில காத்திருந்தா தானா ஒண்ணு விழும், நாலு பேர் பாஞ்சு எடுக்குறதுக்குள்ள நாம எடுக்கணும், அவ்வளவுதான். ஹோட்டல் பையனே டாக்ஸி பிடிச்சுத் தர்றேம்பான், வெளிய ரெண்டு இடத்துல ரேட் கேட்ட பெறவு செரின்னு சொல்லுங்க.

எத்தனை நாள் வேணும்?

மூணு ராத்திரி. ஒரு நாள் கயா, விஷ்ணுபாதம், ஃபல்கு ஆத்துக் கரை. இப்ப இருக்குற விஷ்ணுபாதம் கோயில் 1787ல இந்தூர் ராணி அகல்யாபாய் கட்டினது. ஒரு நாள் புத்தகயா முழுக்க நடந்தே பாக்கலாம், ஆத்துக்கு அந்தப் பக்கம் சுஜாதாங்கற பொண்ணு புத்தருக்குப் பாயசம் குடுத்த இடம்னு ஒரு ஸ்தூபி, இந்தப் பக்கம் ஊருக்குள்ள பெரிய புத்தர் சிலை, 80 அடி, 1989ல திறந்தது, நம்ம வள்ளுவர் 133 அடின்னு அங்க நின்னு பெருமை அடிச்சுக்கிட்டோம். மூணாம் நாள் ராஜ்கீர், நாளந்தா கார்ல போய் வரலாம், காலையில ஆறு மணிக்கே கிளம்பணும், திரும்பி வர இருட்டிடும். முட்டுவலிக்காரங்களை அன்னைக்கு ரூம்லயே விட்டுட்டுப் போங்க, சித்தி அன்னைக்குப் பூரா கண்டி அம்மாகூட மரத்தடியிலதான் இருந்தா.

வரும்போது என்ன வாங்கிட்டு வர?

தில்குட். எள்ளும் வெல்லமும் சேர்த்து இடிச்சுச் செய்றது, கயா ஸ்பெஷல், குளிர்காலத்துலதான் நல்லது கிடைக்கும், கயாவுல கடை முன்னாலேயே வச்சு இடிப்பாங்க. கடையில அட்டைப் பெட்டியிலதான் தருவாங்க, நம்ம ஊர்க் காத்துல ரெண்டே நாள்ல நமத்துப் போகும். காலி பிஸ்கட் டின் ஒண்ணு இங்கேருந்தே எடுத்துட்டுப் போயிடுங்க.